ஊற்றுக்கண்ணிலிருந்து கழிமுகம் வரை

கழிமுகத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு நதி என்றால் கலங்கிய நீர்தான். கோல சிலாங்கூரில், கடலோடு கலப்பதற்குச் சற்று முன்னால், மேலே ஓடுகிறதா கீழே ஓடுகிறதா என்று சொல்ல முடியாதபடி, ஓதம் ஏறும்போது ஒரு பக்கமும் வற்றும்போது மறுபக்கமுமாகத் தயங்கித் தயங்கி நகரும் சிலாங்கூர் நதியைப் பார்த்தே தலை நரைத்துப்போன எனக்கு, அதன் ஊற்றுக்கண் ஏறக்குறைய 110 கிலோமீட்டருக்கு அப்பால் தித்திவாங்சா மலைத்தொடரில் இருக்கிறது என்ற விஷயம் பள்ளிக்கூடத்துப் பூகோள பாடமாக மட்டுமே ஞாபகத்தில் தங்கியிருந்தது. அந்த ஞாபகத்தைத் தட்டி எழுப்பியவன் என் தங்கையின் மகன். மெக்ஸிகோ தேசத்தின் சியாப்பாஸ் மாநிலத்தில், கானகத்தின் நடுவே பலென்கே என்றொரு புராதன மாயா நகரம் சிதிலமாய்க் கிடக்கிறதாம். காலையில் அதன் படிக்கோபுரங்களைப் பார்த்துவிட்டுப் பிற்பகலில் மிசோல்-ஹா என்ற அருவியிலும் அகுவா அசூல் என்ற நீலநிற மடுக்களிலும் நீராடிவிட்டு, இருட்டுவதற்குள் ஊர் திரும்பிவிடுகிறார்களாம் பிரயாணிகள். படங்களையெல்லாம் காட்டிவிட்டு அவன் கேட்டான்: "மாமா, நம்ம பக்கத்துல இப்படி ஏதாச்சும் இருக்கா?"

இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், எதைக் காட்டப் போகிறோம் என்று யோசித்தேன்.

ஆகவே ஒரு சனிக்கிழமை விடியற்காலை 5 மணிக்கு, தங்கை குடும்பமும், நாற்பது வருஷம் பால்மரம் வெட்டி ஓய்ந்த என் பெரியம்மாவும், புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும் நிறைந்த இரண்டு பாத்திரங்களுமாக ஒரு வேனில் கிளம்பினோம். புக்கிட் மெலாவத்திக் கோட்டை வாசலிலேயே குடியிருந்துகொண்டு கோட்டையைக் கடைசிக்கு வைத்து, முதலில் மலைக்குப் போனதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டு மலைகளில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கும். அருவிக் குளியலை மதியத்திற்குமேல் வைத்துக்கொள்வது விவேகமன்று. மலையில் தொடங்கினால் நதி போகும் போக்கிலேயே நாமும் இறங்கிவரலாம் என்பது இன்னொரு சௌகரியம்.

கோல குபு பாருவைத் தாண்டிப் பிரேசர் மலைக்கு ஏறும் சாலையில் பொழுது விடிந்தது. திடீரென்று ஒரு பெரிய நீர்ப்பரப்பு தெரிந்தது. 2000-களின் தொடக்கத்தில் எழும்பிய சிலாங்கூர் நதி அணை அது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்களில் நீர் வருவதற்காகக் கட்டப்பட்ட அந்த அணைக்காக கெராச்சி, பெரெத்தாக் என்ற இரண்டு தெமுவான் பூர்வகுடிக் கிராமங்கள் இடம் மாற்றப்பட்டன. பார்வைக்கு அழகான ஏரிதான். அழகிற்கு அடியில் என்ன கிடக்கிறதென்று சொல்வதற்கு அங்கே நிற்பவர்கள் குறைவு. 1951 அக்டோபர் 6-ஆம் நாள் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் ஹென்றி கர்னி கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டதும் இதே சாலையின் ஒரு வளைவில்தான். இத்தனை சரித்திரத்திற்கும் சாலை ஓரத்தில் கடை போட்டிருந்தவர் விற்றது என்னவோ அவித்த மக்காச்சோளம்தான், அதையும் வாங்கிக்கொண்டோம்.

அணைக்கு மேலே சிலாங்கூர் நதியோடு வந்து சேரும் உபநதி சிலிங். மீன்வள இலாகாவின் பாதுகாப்பில் மீன் சரணாலயமாக வைக்கப்பட்டிருக்கும் இந்த ஆற்றில் தூண்டில் போடக்கூடாது. எல்லா நாளும் திறந்திருப்பதில்லையாதலால் விசாரித்துக்கொண்டே புறப்பட வேண்டும். வாசலில் பெயர் பதிந்துவிட்டு ஒற்றையடிப் பாதையில் நடந்தால், அந்த ஆற்றையே ஐந்தாறு முறை குறுக்கே கடக்க நேர்கிறது. முழங்கால் அளவு, சில இடங்களில் தொடையளவு. கூழாங்கற்களின்மேல் கால் வைக்கும்போதெல்லாம் பெரியம்மா என் தோளை ஒரு பிடி பிடித்தார் பாருங்கள், எழுபத்து நான்கு வயதிலும் உளி பிடித்த கை உளி பிடித்த கைதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மூன்று படிகளாக விழும் அருவியின் கடைசிப் படி ஒரு பெரிய மடுவில் இறங்குகிறது. அந்த மடுவின் கரையில் நீரில் பாதம் நனைய அசையாமல் உட்கார்ந்திருந்தால், கொஞ்ச நேரத்தில் கெலா மீன்கள் வருகின்றன. கெண்டை இனத்தைச் சேர்ந்த, செதில்கள் ஒவ்வொன்றும் பழைய காலத்து இருபது காசு அளவுக்கு அகன்று, செம்பும் பசுமையும் கலந்து மின்னும் மீன்கள்; வெளியாற்றில் வலைக்கும் தூண்டிலுக்கும் பலியாகி அருகிவிட்ட இந்த ஜாதி, இங்கே மனிதனைக் கண்டால் ஓடுவதை மறந்துவிட்டது. என் காலை மோந்து பார்த்துவிட்டு, ருசி பிடிக்கவில்லைபோலும், மருமகன் பக்கம் போய்விட்டன. கழிமுகத்தில் நான் கண்டறிந்த அதே நதியின் நீர் இங்கே கண்ணாடிபோல் இருந்தது; கையில் அள்ளினால் கைரேகை தெரிந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்லியாக வேண்டும். மலேசிய அருவிகளில் ஆண்டுதோறும் உயிர்கள் போவதற்குப் பெருங்காரணம் நீச்சல் தெரியாமை மட்டுமன்று. 'கெப்பாலா ஆயர்' என்று மலாய்க்காரர்கள் சொல்லும் திடீர்ப் பெருக்கு. 'நீரின் தலை' என்பது அதன் சொற்பொருள். நாம் குளிக்கும் இடத்தில் வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருக்க, மேலே கண்ணுக்கெட்டாத சிகரத்தில் பெய்த கனமழை, செங்குத்தான சரிவுகளிலிருந்து ஒரே குறுகிய ஓடைக்குள் சேர்ந்து, சில நிமிஷங்களுக்குள் ஒரு சுவர்போல் இறங்கி வந்துவிடும். வருமுன் அது அறிவித்துவிட்டுத்தான் வருகிறது: தெளிந்த நீர் மெல்லத் தேநீர் நிறமாகும், சருகும் சுள்ளியும் மிதந்துவரும், அருவியின் ஓசை கனத்துவிடும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும், துண்டையும் செருப்பையும் தேடாமல் கரையேறி மேட்டுக்குப் போய்விட வேண்டும். ஆற்றைக் கடந்து திரும்பும் வழியை நம்பக்கூடாது, நீர் வடியும்வரை அந்தப் பக்கத்திலேயே காத்திருக்க வேண்டும். இன்னொன்று எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த நீரில் வாழும் கிருமி, காலில் இருக்கும் சிறு கீறல் வழியாகவும் உள்ளே புகும். ஆறாத புண் உள்ளவர்கள் கரையில் இருந்து ரசிப்பதே மேல். ஆற்றங்கரையில் சோற்றைக் கொட்டிவிட்டு வருகிற நம்மவர்கள்தாம் அங்கே எலிகளுக்குப் பந்தி வைக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பத்தரை மணிக்கெல்லாம் குளியலை முடித்துக்கொண்டு இறங்கினோம். கோல குபு பாருவுக்கு வெளியே, அம்பாங் பெச்சா என்ற இடம் இருக்கிறது. உடைந்த அணை என்று பொருள். 1883-ஆம் ஆண்டு அங்கிருந்த பழைய அணை உடைந்து, ஊரைத் துடைத்துக்கொண்டு போனது. உலு சிலாங்கூரின் மாஜிஸ்திரேட்டாக இருந்த செசில் ரேங்கிங் என்ற ஆங்கிலேயரும் அந்த வெள்ளத்தில் மாண்டார். அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதுதான் காரணம் என்பது ஊர்க்கதை. அதற்குப் பிறகும் ஈயச் சுரங்க மண் ஆற்றை நிரப்ப நிரப்ப வெள்ளம் ஓயவில்லையாதலால், 1920-களில் சார்லஸ் ரீட் என்ற நகரமைப்பு நிபுணரின் திட்டப்படி மேட்டு நிலத்தில் புதிய ஊர் உருவாயிற்று. 'பாரு' என்ற புதுமை ஊரின் பெயரில் ஒட்டிக்கொண்டது அப்போதுதான். பழைய ஊரில் நின்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. மருமகனின் முகம் வாடியது. பலென்கேயை எதிர்பார்த்தவனுக்குப் புல்வெளியைக் காட்டினால் வேறென்ன ஆகும்?

ராசாவைக் கடந்து, 1948 டிசம்பரில் 24 அப்பாவிக் கிராமத்தார் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட தோட்டம் இருந்த பத்தாங் காலியையும் கடந்து, ரவாங்கில் திரும்பி பத்து ஆராங்குக்கு வந்தோம். இங்கேதான் பையனுக்கு உற்சாகம் பிறந்தது. நிலக்கரி என்பதே ஊரின் பெயர். 1908-இல் கரி கண்டெடுக்கப்பட்டு, 1915-இலிருந்து மலாயன் கோலியரிஸ் கம்பெனி தோண்டியெடுத்த அந்தக் கரியில்தான் மலாயாவின் ரயில்கள் ஓடின. 1937 மார்ச்சில் தொழிலாளர்கள் சுரங்கத்தைத் தம் வசப்படுத்திக்கொண்டு நடத்திய வேலைநிறுத்தம் காலனி அரசாங்கத்தையே கலங்க வைத்தது. 1960-இல் சுரங்கம் மூடப்பட்டது. செங்கற்சூளையின் புகைபோக்கி இன்றும் நிற்கிறது. அதன் இடுக்குகளில் ஆல் வேரூன்றிச் செங்கற்களை ஒவ்வொன்றாக நெகிழ்த்திக்கொண்டிருக்கிறது. மாயா நகரங்களையும் இப்படித்தானே காடு விழுங்கியிருக்கும் என்றேன். "இவ்வளவு சீக்கிரமாவா மாமா?" என்று கேட்டான். கணக்குப் போட்டுப் பார்த்தால் நியாயமான கேள்விதான்.

மாயா என்றதும் பெரியம்மாவுக்கு ஒரு சேதி சொன்னேன். அந்தப் பிரதேசத்து மக்கள், நம்முடைய ரப்பர் மரத்திற்குச் சம்பந்தமில்லாத காஸ்டில்லா என்றொரு மரத்தின் பாலை எடுத்து, ஒரு கொடியின் சாற்றைக் கலந்து இறுக்கி, துள்ளும் பந்துகளாக்கி, மூவாயிரம் வருஷங்களுக்கு முன்பே விளையாடியிருக்கிறார்கள். பலென்கேயிலும் பந்தாடுகளம் உண்டு. அதே காடுகளில் சப்போட்டா மரப் பட்டையைக் கோணல்மாணலாகக் கீறி, வடியும் பாலைக் காய்ச்சிச் சூயிங்கம்முக்கு விற்ற தொழிலாளிகள்தாம், மரம் தேடிப் போன இடத்தில் புதையுண்ட நகரங்கள் பலவற்றை முதலில் கண்டவர்கள். பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "பால எடுத்துப் பந்து வெளையாடுனாங்களா? நல்லா இருந்திருக்காங்க. நாங்க மங்கு கழுவவே நேரம் பத்தாது" என்றார்.

பத்து ஆராங்கிலிருந்து மேற்கே இறங்கினால் பெஸ்தாரி ஜெயா. 2007 வரையில் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர். நம்மவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். இந்த வட்டாரத்தில்தான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. உலகத்தின் பாமாயில் வியாபாரத்தில் பெரும் பங்கு வகிக்கும் அளவுக்கு வளர்ந்த ஒரு தொழிலின் தொட்டில் அது என்பது, அதன் பக்கத்திலேயே குடியிருந்தவர்களில் பலருக்குத் தெரியாது. 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நட்ட நான்கே நான்கு செம்பனைக் கன்றுகளின் வம்சம் சுமத்ராவுக்குப் போய், அங்கிருந்து விதையாக ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1917-இல் இந்தத் தோட்டத்தில் மலாயாவின் முதல் வர்த்தகச் செம்பனை நடவாக வேரூன்றியது. 1905-இல் மலாயாவுக்கு வந்து ரப்பர் நட்ட அந்த மனிதர், பிற்காலத்தில் 'மலேசி' என்ற நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கோங்கூர் பரிசையும் பெற்றார். தென்னைமரம் என்று தமிழ்ப்பெயர் வைத்த தோட்டத்தில் தென்னையை விட்டுவிட்டு வேறொரு பனை சாம்ராஜ்யம் ஸ்தாபித்தது விதியின் பரிகாசம் என்றுதான் சொல்ல வேண்டும். ஏனெனில் அந்தப் பனைதான் பிறகு பால்மரங்களை வெட்டிச் சாய்த்து, பால்மரத்தோடு வாழ்ந்த எங்கள் ஜனங்களையும் நகர்த்தியது. ஒரு மரத்திற்கு விடியுமுன் ஓர் ஆள் போய் நிற்க வேண்டியது ரப்பர். செம்பனைக்குப் பத்து நாளுக்கொருமுறை குலை வெட்டினால் போதும்.

பெரியம்மா பிறந்து, மணமாகி, பிள்ளை பெற்ற தோட்டம் ஈஜோக்கிற்கும் பெஸ்தாரி ஜெயாவிற்கும் நடுவில் இருந்தது. பெயர் வேண்டாம். வேனை லாரித் தடத்தில் நிறுத்திவிட்டுச் செம்பனை நிரைகளுக்குள் நடந்தோம். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருளும், ஒரே மாதிரி மட்டைக் குவியலும். ஓரிடத்தில் பெரியம்மா நின்றார். தரையில் சிமெண்டுக் கால்வாய் ஒன்று, எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகாமல், பத்தடி தூரம் மட்டும் கிடந்தது. "இது நாலாம் லயத்துக் காவா" என்றார்; தொழிலாளர் வீட்டு வரிசையைத்தான் லயம் என்பது. அதன் போக்கைப் பிடித்துக்கொண்டே போனவர், இரண்டு பனைகளுக்கு இடையில் வெளிச்சத்திற்காக வளைந்து வளைந்து உயர்ந்திருந்த ஒரு கறிவேப்பிலை மரத்தின் அடியில் போய் நின்றார். யாரும் நட்டதல்ல என்று நான் நினைத்தேன். "யாரும் நடாம கறிவேப்பிலை காட்டுல மொளைக்குமாடா? இது எங்க குசினிப் பின்னாடி" என்று சொல்லி, இரண்டு இணுக்கு ஒடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். பெரட்டுக்களம் எங்கே, ஆயாக்கொட்டகை எங்கே, கிராணி வீடு எங்கே என்று மரத்திலிருந்து விரலை நீட்டி நீட்டி அவர் காட்டக் காட்ட, ஒன்றுமில்லாத அந்தத் தரையில் ஒரு கிராமம் முழுவதும் எழுந்து நின்றது. சிலாங்கூர் நதியோரத்தில் இப்படி எத்தனை தோட்டங்கள்! 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்து, கங்காணி முறை தழைத்து, 1938-இல் இந்திய அரசாங்கம் அதையும் தடை செய்யும்வரை, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்து இறங்கியவர்களின் வம்சம் அவ்வளவும் இந்த லயங்களில்தான் பெருகியது.

இடிபாடுகளைப் பார்க்கும்போது அவற்றைக் கட்டியவர்கள் மாண்டு மறைந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வதே பிரயாணிகளின் வழக்கம். அது தவறான நினைப்பு என்பது என் அபிப்பிராயம். மாயா மக்கள் மறையவில்லை. பலென்கேயைச் சுற்றிலும் சோல் என்ற மாயா மொழியைப் பேசிக்கொண்டு இன்றும் சோளம் விதைக்கிறார்கள். பிரயாணிகள் வாங்கும் பொம்மைகளை விற்பவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். ஊர்தான் கைவிடப்பட்டது. நாலாம் லயத்து ஜனங்களும் அப்படித்தான்: ஒருவர் ஈஜோக்கில் தாமானில், ஒருவர் ரவாங்கில் அடுக்குமாடியில், ஒருவர் இதோ என் வேனில்.

நான்கரை மணிக்கு புக்கிட் மெலாவத்தி ஏறினோம். பெயர்தான் கோட்டை, மதில் என்று சொல்லத்தக்கது கொஞ்சம், மற்றபடி பீரங்கிகளும் சாம்பல் நிறப் பாறைகளும் கல்லறைகளும் வயதான அங்சானா மரங்களும். சிலாங்கூரின் முதல் சுல்தான் சலாஹுதீனும், அவர் மகன் இப்ராகிமும், பேரன் முகமதுவும் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள். சுல்தான் இப்ராகிம் கதை கேட்கத்தக்கது. 1784-இல் மலாக்காவின்மீது ரியாவின் ராஜா ஹாஜியோடு சேர்ந்து படையெடுத்து, அது தோற்றுப்போக, பின்தொடர்ந்து வந்த டச்சுக்காரர்கள் இந்தக் குன்றைப் பிடித்துக்கொண்டு, தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என்று ஞானஸ்நானம் செய்துவைத்தார்கள். காட்டுவழியே பகாங்குக்குத் தப்பிப்போன சுல்தான், அங்கே படை திரட்டிக்கொண்டு, அடுத்த ஆண்டே மலைதாண்டி வந்து கோட்டையை மீட்டார். டச்சுக் கப்பல்கள் கழிமுகத்தை அடைத்துக்கொண்டு நின்று, கடைசியில் 1786-இல் உடன்படிக்கையில் முடிந்தது விவகாரம். அதற்கு 85 வருஷங்களுக்குப் பிறகு, 1871 ஜூலையில், ரினால்டோ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் இதே குன்றை மீண்டும் சுட்டு நொறுக்கியது. மிஞ்சியதுதான் நாம் பார்ப்பது. உச்சியில் நிற்கும் கலங்கரை விளக்கம் 1907-இல் வந்தது.

சரித்திரத்தையெல்லாம் குரங்குகள் கெடுத்துவிட்டன என்றும் சொல்லலாம், காப்பாற்றின என்றும் சொல்லலாம். வெள்ளி பூசினாற்போல் நரைத்த உடம்பும், தியானத்தில் இருப்பவைபோன்ற முகமும் கொண்ட லோத்தோங் குரங்குகள் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. தாயின் கருத்த மார்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி மட்டும் பளபளவென்று காவி நிறம். சில மாதங்களில் அந்த நிறம் மாறிவிடும். இலை தின்பதற்கென்று பல அறைகளாக அமைந்த வயிறு அவற்றுக்கு. ரொட்டியும் வாழைப்பழமும் கொடுத்து அதைக் கெடுப்பது நம் தர்மமாகிவிட்டது. பெரியம்மாவின் முந்தானை முடிச்சை ஒரு கிழட்டுக் குரங்கு அவிழ்க்கப் பார்த்தது. கறிவேப்பிலையைக் காப்பாற்றியாயிற்று.

சூரியன் கடலில் இறங்கியபின் கம்போங் குவாந்தான் போய்ச் சேர்ந்தோம். இயந்திரமில்லாத சிறு சம்பானில், துடுப்பு நீரில் படும் சப்தத்தைத் தவிர வேறு சப்தமில்லாமல், அந்தக் கறுத்த நதியில் போகும்போது, கரையோரத்துப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் எரிந்து ஒரே தாளத்தில் அணைந்தன. ஆண் பூச்சிகள் துணையை அழைக்கும் சமிக்ஞை அது. இவற்றின் புழுக்கள் ஓதம் நனைக்கும் கரை மண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்வதால், மேலிருந்து வரும் நன்னீரும் கீழிருந்து ஏறும் உப்புநீரும் அளவாய்க் கலக்கும் இந்தச் சில கிலோமீட்டர் கரை கெட்டால் இவற்றுக்குப் போக்கிடம் இல்லை. கரையை அழித்துச் செம்பனை நட்ட இடங்களில் மரங்கள் இருண்டுதான் கிடந்தன.

படகில் யாரும் பேசவில்லை. பெரியம்மா கையை நீட்டி நீரைத் தொட்டார். கசக்கிய கறிவேப்பிலை வாசம் ஒரு கணம் வந்து போயிற்று.

"காலையில நாம குளிச்ச தண்ணி இந்நேரம் இங்க வந்திருக்குமா?" என்று கேட்டார்.

மருமகன் சற்று யோசித்தான். "வந்திருக்காது பாட்டி. அணையில நிக்கும்."

படகுக்காரர் துடுப்பை மாற்றிப் போட்டு, கரைப் பக்கம் திருப்பினார்.